வெள்ளத்தில் மூழ்கிய மோட்டார்களும் விற்பவர் மௌனமும்

வடகிழக்குப் பருவமழை கடுமையாய்ப் பெய்து ஓய்ந்த வருஷங்களிலெல்லாம் சென்னை நகரத்தில் ஒரு வியாபாரம் சந்தடியின்றி நடந்தேறுகிறது. வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்த மோட்டார் வண்டிகள் சேற்றினின்று இழுக்கப்பட்டு, கழுவப்பட்டு, மெருகேற்றப்பட்டு, சில மாதங்களுக்குள் வேறோர் ஊரில் வேறொரு மனிதர் தலையில் கட்டப்படுகின்றன. அவ்வண்டி ஒரு நாளேனும் நீரில் நின்றதென்ற பேச்சே எழுவதில்லை. வாங்குகிறவரோ பெரும்பாலும் புது வண்டி வாங்கச் சக்தியற்றவர். வாடகைக்கு ஓட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றலாமென்ற நம்பிக்கையில் கடன் வாங்கிப் பணம் கட்டுகிறவர். இவ்வியாபாரத்தைக் குறித்தும், நனைந்த வண்டியை நியாயமான முறையில் காப்பாற்றும் வழியைக் குறித்தும், இது விஷயத்தில் சர்க்கார் செய்தே தீர வேண்டிய ஒரு காரியத்தைக் குறித்தும் நமது அபிப்பிராயத்தைத் திறந்து சொல்ல விரும்புகிறோம்.

2015-ஆம் வருஷம் டிசம்பர் முதல் தேதி பெய்த மழையை நமது வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செண்டிமீட்டரும் செம்பரம்பாக்கத்தில் 47 செண்டிமீட்டரும் பதிவாயின. அடையாறு கரை புரண்டது. விமான நிலையம் பல நாட்கள் மூடிக் கிடந்தது. அவ்வருஷத்துப் பருவமழையில் தமிழ்நாட்டில் உயிரிழந்தவர் 400-க்கு மேற்பட்டவர். பின்னர் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பள்ளிக்கரணையில் வண்டிகள் ஓடங்களைப் போல் ஒன்றின்மேல் ஒன்று மோதி மிதந்து சென்ற காட்சியை நாடே கண்டது. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வெளியான மாத்திரத்தில் வேளச்சேரி வாசிகள் தங்கள் வண்டிகளை மேம்பாலத்தின்மேல் வரிசையாய்க் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பட்டணத்துப் பிரஜைக்குத் தன் வீதியின்மேல் இருந்த நம்பிக்கை எவ்வளவு போய்விட்டது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுவதில்லை. 2005 ஜூலை 26-ஆம் தேதி பம்பாய் சாந்தாக்குரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதையும் சேர்த்து நினைத்தால், இது ஒரு நகரத்துக்கு மட்டும் உரிய கஷ்டமன்று என்பது விளங்கும்.

உயிர்கள் போன இடத்தில் வண்டிகளைப் பற்றிப் பிரஸ்தாபிப்பது அற்பமென்று சிலர் நினைக்கலாம். அவர்களுக்கு நாம் சொல்வது இதுதான். வண்டி பணக்காரரின் அலங்காரப் பொருளாயிருந்த காலம் போய்விட்டது. டாக்சி ஓட்டுகிறவருக்கு அது ஏர். காய்கறி ஏற்றுகிறவருக்கு அது எருது. அதை இழந்தவன் மாதத் தவணையை மட்டும் இழப்பதில்லை. மேலும், பழுதை மறைத்து விற்ற வண்டியின் தடை பிடிக்காமற் போனாலும், விபத்தில் காற்றுப்பை விரியாமற் போனாலும் போவது உயிரே.

முதலில், நீர் ஒரு வண்டியை எவ்வாறு கெடுக்கிறதென்பதைச் சொல்லுவோம். இதைப் பலர் தெளிவாய் அறியாமலிருப்பதாலேயே பாதி நஷ்டம் உண்டாகிறது. எஞ்சினானது காற்றையும் எண்ணெயையும் சிலிண்டருக்குள் இழுத்து, பிஸ்டனால் அழுத்தி, எரித்து, அந்த விசையால் ஓடுவது. காற்று அழுத்தத்துக்கு இணங்கும், தண்ணீர் இணங்காது. காற்று வரும் குழாய் வழியே நீர் உட்புகுந்திருக்கும்போது சாவியைத் திருப்பினால், மேலேறும் பிஸ்டன் கல்லில் முட்டினாற்போல் நீரில் முட்டி நிற்கும். அந்த வேகத்தைத் தாங்க மாட்டாமல் கனெக்டிங் ராடு என்னும் இரும்புத் தண்டு வளைந்துவிடும். சில சமயம் ஒடிந்து எஞ்சினின் பக்கச் சுவரையே பிளந்துகொண்டு வெளிவரும். டீசல் எஞ்சினில் அழுத்தம் அதிகமாகையால் அபாயமும் அதிகம். வண்டி நீரில் நின்றதால் வந்த கேடு கழுவித் துடைத்தால் போகக்கூடியது. சாவியைத் திருப்பியதால் வந்த கேடு எஞ்சினையே மாற்றச் செய்வது. வெள்ளம் வடிந்த மறுநாட் காலையில் ஆவலோடு ஓடிச்சென்று “ஓடுகிறதா பார்ப்போம்” என்று சாவியைத் திருப்பும் அந்த ஒரு நிமிஷமே லக்ஷ ரூபாய் நஷ்டத்துக்குக் காரணமாகிறது.

ஆகவே, வண்டிக்குரியவர் முதலில் செய்ய வேண்டியது எதையும் இயக்காதிருப்பதே. நீர் எந்த மட்டம் வரை ஏறியதென்பதைக் கதவின் உட்புறத்திலும் ஆசனத்திலும் படிந்த சேற்றுக் கோட்டைக் கொண்டு பார்த்து, கழுவுமுன் படம் பிடித்துக்கொள்ள வேண்டும். பாட்டரியின் கம்பியை, எதிர்முனையை முதலில், கழற்றிவிட வேண்டும். எஞ்சின் எண்ணெயின் அளவு பார்க்கும் குச்சியை இழுத்துப் பார்த்தால், அதில் பாலைக் கலந்த தேநீர்போன்ற நிறம் தெரியுமாயின் நீர் உட்புகுந்து எண்ணெயோடு கலந்துவிட்டதென்று அறியலாம். வண்டியைக் கயிறு கட்டித் தரையில் இழுத்துச் செல்லாமல், தட்டையான தளமுள்ள லாரியின்மேல் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோவதே உத்தமம். மின்சார வண்டியாயின் தாமே தொடவே கூடாது. அதற்கென்று பயின்றவரையே அழைக்க வேண்டும். 2022-இல் அமெரிக்காவின் பிளாரிடா மாகாணத்தில் இயான் என்னும் புயலின்போது கடல்நீரில் நனைந்த மின்சார வண்டிகள் சில, நீர் வடிந்து நாட்கள் சென்ற பிறகும் தாமே தீப்பற்றி எரிந்தன. கடற்கரையோரத்தில் நீண்ட நகரத்தார் இதை மனத்தில் வைத்துக்கொள்வது நலம்.

பட்டறையில் நடக்க வேண்டிய வேலையும் ஒளிமறைவானதன்று. எஞ்சின் எண்ணெய், கியர் எண்ணெய், குளிர்விக்கும் நீர், பெட்ரோல் டாங்கியிலுள்ளது ஆகிய யாவும் வடித்து வெளியேற்றப்பட வேண்டும். தடைக்குரிய எண்ணெய் இயல்பாகவே ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையதாகையால் அதையும் மாற்றியே தீர வேண்டும். வடிகட்டிகள் எல்லாம் புதியனவாக வேண்டும். பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் பிளக்குகளையும், டீசல் வண்டியில் இன்ஜெக்டர்களையும் கழற்றிவிட்டு, எஞ்சினைக் கையால் மெதுவாய்ச் சுற்றினால், சிலிண்டரில் நின்ற நீர் துவாரங்களின் வழியே பீச்சிக்கொண்டு வெளிவரும். அதன் பின் சிலிண்டரினுள் எண்ணெய் விட்டு ஊறவைத்து, மறுபடியும் கையால் சுற்றி, தடையின்றிச் சுழல்கிறதென்று நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகே பாட்டரியை இணைக்கலாம். சக்கரங்களைக் கழற்றிப் பிரேக்குகளைத் திறந்து சேற்றைக் கழுவி, பேரிங்குகளுக்குப் புதுக் கிரீஸ் இட வேண்டும். ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும் பிரித்து உலர்த்தப்பட வேண்டும். ஆசனங்களைக் கழற்றி, தரைவிரிப்பையும் அதனடியிலுள்ள பஞ்சையும் வெளியே எடுத்து வெயிலில் காயவைக்க வேண்டும். விரிப்பு மேலே காய்ந்திருக்க, அடியிலுள்ள பஞ்சு வாரக்கணக்கில் சாக்கடை நீரைத் தேக்கி வைத்திருக்கும். தரைத்தகடு துருப்பிடிப்பதும், வண்டியில் ஏறுகிறவர்களுக்கு மூச்சடைப்பு உண்டாவதும் அந்தப் பஞ்சினாலேயே.

இவ்வளவும் செய்தால் சக்கர மட்டத்துக்கு நனைந்த வண்டி பழைய நிலைக்கு வந்துவிடும். ஆசன மட்டத்துக்கு நீர் ஏறியிருந்தால் கதை வேறு. இக்காலத்து வண்டி பாதி இயந்திரம், பாதி கணிப்பொறி. அதன் மூளைப்பெட்டிகளும், அவற்றை இணைக்கும் நூற்றுக்கணக்கான கம்பி முனைகளும் ஆசனத்தினடியிலும் கால் வைக்கும் இடத்திலும் அமைந்திருக்கின்றன. காற்றுப்பையை இயக்கும் பெட்டி பெரும்பாலும் இரண்டு முன்னாசனங்களுக்கும் நடுவே, தரையை ஒட்டியே இருக்கிறது. கம்பி முனைகளில் புகுந்த ஈரம் அன்றே கெடுதல் செய்வதில்லை. மாதங்கள் கழித்துப் பச்சைக் களிம்பு பூத்து, ஒருநாள் விளக்கு எரியாது, ஒருநாள் கண்ணாடி இறங்காது, ஒருநாள் நடுவழியில் எஞ்சின் நின்றுவிடும். முன்பலகை வரை மூழ்கிய வண்டியைப் பற்றி நேர்மையுள்ள மெக்கானிக்கைக் கேட்டால், அதன் கதவும் கண்ணாடியும் சக்கரமும் உதவும், வண்டி உதவாது என்றே பதில் சொல்லுவார். உப்புநீரில் மூழ்கியதானால் அதைப் பற்றி விவாதமே வேண்டுவதில்லை.

இனி இன்ஷியூரன்ஸ் விஷயத்துக்கு வருவோம். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயப்படுத்துவது பிறருக்கு நேரும் நஷ்டத்துக்கான இன்ஷியூரன்ஸை மட்டுமே. அதை மட்டும் எடுத்தவருக்கு வெள்ளத்தின் பேரில் ஒரு காசும் கிடையாது. சொந்தச் சேதத்துக்கும் சேர்த்து எடுத்தவருக்கு வெள்ளமும் புயலும் பாலிசியில் அடங்கும். ஆனால் அங்கேயும் இரண்டு முட்கள் உண்டு. விபத்துக்குப் பின் வேண்டிய ரிப்பேர் செய்யாமல் வண்டியை ஓட்டினால், அதனால் மேலும் உண்டாகும் சேதம் உடையவர் பொறுப்பேயாம் என்பது பாலிசியின் நிபந்தனைகளில் ஒன்று. வெள்ள நீர் புகுந்த எஞ்சினைச் சாவி போட்டுக் கெடுத்ததை நேரடியான நஷ்டமாகக் கொள்ளாமல், தொடர்ந்து வந்த நஷ்டமென்று சொல்லிக் கம்பெனிகள் பணம் தர மறுப்பதும் வழக்கமாய் இருக்கிறது. எஞ்சினுக்கென்று தனியாய் அதிகக் கட்டணம் கட்டிப் பாதுகாப்புச் சேர்த்துக்கொண்டவர்களுக்கு மட்டுமே இந்த வாதத்தினின்று விடுதலை.

இரண்டாவது முள் கணக்கில் இருக்கிறது. வண்டியின் மதிப்பு வருஷத்துக்கு வருஷம் குறைத்தே கணக்கிடப்படுகிறது. மூன்று வருஷம் முடிந்து நான்கு முடியாத வண்டிக்கு 100-க்கு 40 கழிக்கப்படும். புதிதாய் 8 லக்ஷம் ரூபாய் விலைபெற்ற வண்டி அந்த வயதில் 4,80,000 ரூபாய் மதிப்புடையது. ரிப்பேர்ச் செலவு அம்மதிப்பில் 100-க்கு 75 பங்கை, அதாவது 3,60,000 ரூபாயைத் தாண்டுமென்று சர்வேயர் எழுதினால், வண்டி முழு நஷ்டமென்று தீர்மானிக்கப்படும். அதற்குக் குறைந்தால் ரிப்பேர். அப்போதோ ரப்பர், பிளாஸ்டிக், பாட்டரி, காற்றுப்பை ஆகியவற்றின் விலையில் பாதியை, தேய்மானம் என்ற பெயரால் வண்டிக்காரரே தாங்க வேண்டும். கழிவு இல்லாமல் இருக்கத் தனிக் கட்டணம் கட்டியிருந்தாலன்றி இதுவே விதி. வெள்ளத்தில் கெடுவது பெரும்பாலும் இந்த உறுப்புக்களேயாகையால், பாலிசி இருந்தும் கை கடிக்கும் வண்டிக்காரர் பலர். அநியாயமாய் மறுக்கப்பட்டவர்கள் ஒரு வருஷத்துக்குள் இன்ஷியூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் முறையிடலாம். அதற்குக் கட்டணமில்லை, வக்கீலும் வேண்டியதில்லை. இதைத் தொழில் காரணமாய் வக்கீலாயிருக்கும் நாமே சொல்கிறோம்.

முழு நஷ்டமென்று தீர்ந்த வண்டி என்னவாகிறது? நமது கட்டுரையின் கரு இங்கேதான் இருக்கிறது. கம்பெனி பணத்தைக் கொடுத்துவிட்டு உடைசலை ஏலத்தில் விடுகிறது. அல்லது உடைசலின் விலையைக் கழித்துக்கொண்டு வண்டியை உடையவரிடமே விட்டுவிடுகிறது. ஏலத்தில் எடுக்கிறவர்களில் யோக்கியர் உண்டு. சென்னைப் புதுப்பேட்டையில் பழைய வண்டிகளைப் பிரித்து உறுப்புக்களாய் விற்கும் தொழிலைத் தலைமுறையாய்ச் செய்து வருவோர் இருக்கின்றனர். நல்ல கதவு ஒன்றை மறுபடியும் பயன்படச் செய்வது தேசத்தின் இரும்பை மிச்சப்படுத்துவதாகும். அத்தொழில் வாழ்க என்போம். ஆனால் முழு வண்டியாகவே எடுத்து, வெளியே மெருகும் உள்ளே வாசனைத் திரவியமும் பூசி, அசல் பதிவுச் சான்றோடு தூரதேசத்தில் விற்பவர்களும் இருக்கின்றனர். வடமாநிலங்களில் இதைவிடக் கொடிய தந்திரமும் வெளிப்பட்டிருக்கிறது. உடைசலின் பதிவுச் சான்றையும் அதன் எண்களையும் மட்டும் வாங்கி, அதேபோன்ற திருட்டு வண்டி ஒன்றின்மேல் அவ்வெண்களைப் பொறித்து விற்ற கும்பல்களைப் போலீசார் பிடித்ததுண்டு.

வண்டி நிரந்தரமாய் உபயோகமற்றுப் போனால் 14 நாட்களுக்குள் பதிவதிகாரிக்கு உடையவர் தெரிவிக்க வேண்டுமென்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு சொல்லுகிறது. ஆனால் இன்ஷியூரன்ஸ் கணக்கில் முழு நஷ்டமென்பது வேறு, நிரந்தரமாய் உபயோகமற்றதென்பது வேறு என்று வாதிக்க இடமிருக்கிறது. அந்த இடைவெளியில்தான் இந்த வியாபாரம் புகுந்து பிழைக்கிறது. பதிவுச் சான்றில் வண்டியின் நிறம் எழுதப்படுகிறது. எஞ்சின் எண் எழுதப்படுகிறது. கடன் கொடுத்த பாங்கியின் பெயர் எழுதப்படுகிறது. அவ்வண்டி கழுத்தளவு சாக்கடை நீரில் மூன்று நாள் நின்ற செய்தியை எழுத மட்டும் அதில் ஒரு வரி இல்லை.

ஏமாந்தவனுக்குக் கோர்ட்டு இருக்கிறதே என்பார்கள். அங்கே என்ன கிடைக்குமென்று பார்ப்போம். 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு மோசடி இன்னதென்று விளக்குகிறது. அறிந்த உண்மையை வேண்டுமென்றே முயன்று மறைப்பது மோசடி. ஆனால் பேச வேண்டிய கடமை இல்லாதவிடத்து வெறும் மௌனம் மோசடியாகாது என்பது அதன் சாரம். அதற்கு உதாரணமாகச் சட்டம் ஒரு குதிரையைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. நோயுள்ள குதிரையென்று தெரிந்தும் ஒருவன் வாய் திறவாமல் அதை ஏலத்தில் விற்றால் அது மோசடியன்று. வாங்குகிறவள் விற்பவனுடைய சொந்த மகளாய், இப்போதுதான் மேஜரானவளாயிருந்தால், சொல்ல வேண்டியது அவன் கடமை. வாங்குகிறவன், “நீ மறுக்காவிட்டால் குதிரை நல்லதென்றே எடுத்துக்கொள்ளுவேன்” என்று சொல்ல, விற்பவன் பேசாதிருந்தால், அந்த மௌனம் வார்த்தைக்குச் சமம்.

குதிரையை வாங்கிய காலத்தில் இந்த விதி ஒருவாறு பொருத்தமாயிருந்திருக்கலாம். குதிரையின் பல்லைப் பிடித்துப் பார்க்கலாம். நடக்கவிட்டு நொண்டுகிறதா என்று காணலாம். கிராமத்தில் குதிரை தெரிந்தவர் ஒருவர் இல்லாமற் போகமாட்டார். மூடிய பெட்டிக்குள் பூக்கும் களிம்பை எந்தக் கண்ணால் பார்ப்பது? விற்பவனுக்கு எல்லாம் தெரியும். வாங்குகிறவனுக்கு ஒன்றும் தெரிவதற்கில்லை. இவ்வளவு ஏற்றத்தாழ்வுள்ள இருவருக்கிடையே மௌனத்தைச் சட்டம் மன்னிப்பது, கண்ணுள்ளவனும் கண்ணில்லாதவனும் சமமாய்ச் சூதாடலாமென்று விடுவதற்கு ஒப்பாகும். மெருகு பூசி மறைத்ததை முயன்று மறைத்ததென்று நிரூபிக்கலாமே என்று கேட்டால், நிரூபிக்க வேண்டியவன் டாக்சி ஓட்டுகிறவன். மூன்று கை மாறி வந்த வண்டியில் மெருகு பூசியவன் யாரென்று அவன் எங்கே போய்த் தேடுவான்?

பிற நாட்டார் இதற்கு வழி கண்டிருக்கின்றனர். இங்கிலாந்தில் 2017 அக்டோபர் முதல் முழு நஷ்டமான வண்டிகள் நான்கு வகையாய்ப் பிரிக்கப்படுகின்றன. முழுவதும் நசுக்கப்பட வேண்டியவை ஒரு வகை. உறுப்புக்களை மட்டும் எடுத்துக்கொண்டு உடலை நசுக்க வேண்டியவை மற்றொரு வகை. சட்டகம் பழுதுபட்டும் செப்பனிடத் தக்கவை மூன்றாவது. சட்டகம் பழுதுபடாமல் வேறு சேதமடைந்தவை நான்காவது. முதலிரு வகைகள் மறுபடியும் சாலைக்கு வரக்கூடாது. அமெரிக்காவில் உடைசல் வண்டியின் உரிமைப் பத்திரத்திலேயே அந்த முத்திரை குத்தப்படுகிறது. 2005-இல் கத்ரீனா புயலில் மூழ்கிய வண்டிகள் முத்திரையில்லாத பத்திரங்களோடு பிற மாகாணங்களில் விலைபோன அனுபவம் அவர்களுக்கும் உண்டு. 2009 முதல் மாகாணங்களின் பதிவுகளைச் சேர்த்துப் பொதுஜனங்கள் பார்க்கும்படி அங்கே வழி செய்திருக்கிறார்கள்.

நாம் கோருவது பெரிய காரியமன்று. நாட்டின் மோட்டார் பதிவுகளில் பெரும்பாலானவை ‘வாஹன்’ என்னும் ஒரே கணக்கில் ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருக்கின்றன. இன்ஷியூரன்ஸ் கம்பெனி ஒரு வண்டியை வெள்ளத்தின் காரணமாய் முழு நஷ்டமென்று தீர்த்துப் பணம் கொடுத்த அன்றே, அச்செய்தியை அக்கணக்கில் கம்பெனியே ஏற்ற வேண்டும். அந்தக் குறிப்பு பதிவுச் சான்றில் அச்சாக வேண்டும். எத்தனை கை மாறினாலும் அழியக்கூடாது. முன்பலகை வரை மூழ்கியவை சாலைக்குத் திரும்பாமல், 2021-ஆம் வருஷத்து விதிகளின்படி அமைந்த வண்டி பிரிக்கும் நிலையங்களுக்கே போக வேண்டும். அதற்குக் குறைந்த சேதமுள்ளவற்றைச் செப்பனிட்டு விற்கத் தடையில்லை. ஆனால் எந்த உறுப்புக்கள் மாற்றப்பட்டன, காற்றுப்பையும் தடையும் சோதிக்கப்பட்டனவா என்று பட்டறைக்காரர் கையெழுத்திட்ட ஜாப்தா கூட வர வேண்டும்.

இதற்குச் சொல்லப்படும் ஆக்ஷேபங்களை நாம் அறிவோம். குறிப்பு எழுதினால் வண்டியின் விலை விழுந்துவிடும், ஏற்கெனவே வெள்ளத்தில் அடிபட்டவனை மறுபடியும் அடிப்பதாகும் என்பது முதலாவது. முழு நஷ்டத்துக்குப் பணம் வாங்கிக்கொண்டவன் அந்த வண்டியின் மேல் இரண்டாவது முறையும் முழு விலை எதிர்பார்ப்பது நியாயமன்று. இன்ஷியூரன்ஸ் இல்லாதவனைப் பற்றியோ, சக்கர மட்டத்துக்கு நனைந்தவற்றைப் பற்றியோ நாம் பேசவில்லை. குறிப்பில்லாத இப்போதுகூட, வெள்ளம் வந்த பேட்டையின் பதிவெண்ணைக் கண்டாலே வியாபாரி விலையைக் குறைக்கிறான். நனையாத வண்டிக்காரனும் நஷ்டப்படுகிறான். உண்மை எழுதப்பட்டால் அந்தச் சந்தேகத்தினின்று நல்ல வண்டிகள் தப்பும்.

பட்டறைத் தொழிலுக்குக் கேடு வருமென்பது இரண்டாவது ஆக்ஷேபம். நாம் அதற்கு நேர்மாறாய் எண்ணுகிறோம். நம் ஊர் மெக்கானிக்குகளின் கைத்திறனுக்கு எந்த நாட்டிலும் மதிப்புண்டு. மாதம் பாடுபட்டு எஞ்சினைப் பிரித்துக் கோத்த கெட்டிக்காரனுக்கும், இரண்டு நாளில் மெருகு பூசிய எத்தனுக்கும் இன்று சந்தையில் ஒரே விலை. ஜாப்தா வந்தால் கெட்டிக்காரனுடைய கையெழுத்துக்கு ஒரு மதிப்பு உண்டாகும். மூன்றாவதாக, கம்பெனிகளுக்கு உடைசல் ஏலத்தில் வருமானம் குறையுமென்பார்கள். குறையட்டும். மறைப்பினால் வரும் லாபத்தைக் காப்பாற்றித் தருவது சர்க்காரின் வேலையன்று.

சட்டம் வரும்வரை வாங்குகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஆசனப் பட்டையைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். கழுவுகிறவன் அங்கே போகமாட்டான், சேற்றுக் கோடு தெரியும். விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். ஆசனத்தைத் தரையோடு பிணைக்கும் போல்ட்டுகளில் துரு இருக்கிறதா, உபரிச் சக்கரம் வைக்கும் குழியில் வண்டல் படிந்திருக்கிறதா, விளக்குக் கண்ணாடியின் உட்புறம் ஆவி படர்கிறதா என்று பாருங்கள். பழைய வண்டியில் தாராளமாய் நறுமணம் வீசினால் எச்சரிக்கையாயிருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பணம் கொடுக்குமுன் விற்பவருக்கு எழுத்து மூலமாய் ஒரு வாக்கியம் அனுப்புங்கள்: “இவ்வண்டி வெள்ளத்தில் மூழ்கியதன்று, முழு நஷ்டமென்று பணம் வாங்கப்பட்டதன்று என்ற நம்பிக்கையின் பேரில் வாங்குகிறேன், தாங்கள் மறுக்காவிடில் அவ்வாறே கொள்ளுவேன்.” இதற்கு விற்பவர் உண்மை சொன்னால் நல்லது; பொய் சொன்னால் அது மோசடி; மௌனமாயிருந்தால் அந்த மௌனமும் வார்த்தையாகும். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் எழுதிய குதிரை உதாரணத்தின் மூன்றாவது பகுதி, இப்படியாக, மோட்டார் வாங்குகிறவனுக்கு உதவும்.

ஆனால் ஒவ்வொருவரும் வக்கீலைப்போல் எழுதித் தம்மைக் காத்துக்கொள்ள வேண்டுமென்பது நல்ல ராஜ்யத்துக்கு லக்ஷணமன்று. எழுதத் தெரியாதவனுக்கும் பாதுகாப்பளிப்பதற்கே சட்டம் இருக்கிறது. டாக்சி ஓட்டுவோர் சங்கங்களும், குடியிருப்போர் சங்கங்களும், பட்டறைத் தொழிலாளரும் அடுத்த பருவமழைக்கு முன்னரே இது விஷயமாய்த் தீர்மானங்கள் நிறைவேற்றி, தங்கள் சட்டசபை, பார்லிமெண்டு அங்கத்தினரிடம் கொடுத்துப் பதில் கேட்க வேண்டும். மழை பெய்யும்போது கூடிக் கூச்சலிட்டு, வெயில் வந்ததும் மறந்துபோகும் வழக்கத்தை நாம் விட்டாலன்றி எந்தச் சர்க்காரும் அசையாது. வேண்டுவது பதிவுச் சான்றில் ஒரு வரி. அதை எழுதப் பெரும் பணம் செலவில்லை, புதிய இலாகாவும் வேண்டியதில்லை. அதைக் கேட்டு வாங்கும் பொறுப்பை நமது வாசகர்கள் ஏற்பார்களென்று நம்புகிறோம்.